காணாமல் போனவருக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம், கூடலூர், போடி என்று தெருத்தெருவாக ஆள் ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறி, மாலையில் இறங்கும். ஒரு நாள் மாலை அப்படி இறங்கிய ஜீப்பில் ஒரு பெண் மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். "அக்கா வேற வண்டியில வர்றதாச் சொன்னாங்க" என்கிறாள் கூடப் போனவள். மணி எட்டாகிறது. போன் அணைந்திருக்கிறது. வீட்டு வாசலில் கூடுகிறவர்கள் முதலில் பேசுவது, "வீட்டுல ஏதும் சண்டையா? யார் கூடயாவது பேச்சு வார்த்தை இருந்துச்சா?" என்பதுதான். ஸ்டேஷனுக்குப் போனால் ரைட்டரும் அதையேதான் கேட்பார்.

கேட்கக் கூடாத கேள்வியல்ல அது. ஆனால் முதல் கேள்வி அதுவல்ல. ஒருவர் ஏன் போனார் என்பது ஒரு விஷயம், இப்போது இருக்கும் நிலையில் அவருக்கு எவ்வளவு சீக்கிரம் என்ன கேடு வரும் என்பது வேறு விஷயம். தேடுதல் தாமதமாகும் வழக்குகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே யாரோ ஒருவர் காரணத்தை ஊகித்துவிட்டு, அந்த ஊகத்தை வைத்தே ஆபத்தையும் அளந்திருப்பார். 'கோபித்துக்கொண்டு போயிருக்கிறான்' என்றால் ஆபத்து குறைவு, 'ஓடிப்போயிருக்கிறாள்' என்றால் ஆபத்தே இல்லை என்று கணக்குப் போடுவது. கோபித்துக்கொண்டு போனவர் இன்சுலின் போடுகிறவராக இருக்கலாம். விரும்பிப் போன பெண்ணுக்குப் பதினாறு வயதாக இருக்கலாம்.

நம் காவல் நிலையங்களில் இந்த வழக்குகளுக்கு 'மேன் மிஸ்ஸிங்', 'உமன் மிஸ்ஸிங்', 'கேர்ள் மிஸ்ஸிங்' என்று தலைப்பு வைப்பார்கள். போனது யார் என்று அது சொல்லும், எவ்வளவு அவசரம் என்று சொல்லாது. பிரிட்டனில் காவல்துறை வழிகாட்டுதலே ஆபத்தைப் படிநிலையாகப் பிரிக்கிறது. கடுமையான கேடு வர மிகவும் வாய்ப்பு உண்டு என்றால் உயர்நிலை, அதற்கு உடனே ஆள் அனுப்ப வேண்டும். கேடு வரலாம், ஆனால் கடுமையாக இருக்காது என்றால் நடுநிலை. அதற்குக் கீழே இன்னும் குறைந்த நிலைகள். அங்கேயும் சறுக்கியிருக்கிறார்கள். 2013-இல் 'இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்' என்று ஒரு தனி வகை கொண்டுவந்து, அதில் விழுந்தவர்களைத் தேட ஆள் அனுப்பாமல் விட்டார்கள். அடிக்கடி வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகள், அதிலும் யாரோ ஒருவரால் சுரண்டப்படும் பிள்ளைகள், அந்த வகைக்குள் போய் விழுந்தார்கள். கண்டனம் கிளம்பிய பிறகு அதைக் கைவிட்டார்கள். 'இது வழக்கமாப் போற ஆளுதாங்க' என்ற சொல் எங்கே கேட்டாலும் நினைவில் வைக்க வேண்டிய கதை இது. பலமுறை போய் வந்தவர் என்றால், அவர் வீட்டிலோ வெளியிலோ ஏதோ ஒன்று அவரை விடாமல் துரத்துகிறது என்று பொருள். மூன்றாவது முறையில் அக்கறை கூட வேண்டும், நடைமுறையில் குறைகிறது.

அப்படியானால் ஆபத்தை எப்படி அளப்பது? எளிய வழி, கடிகாரத்தை வைத்து அளப்பது. இந்த ஆள், இந்த உடையோடு, இந்த மருந்தில்லாமல், இந்த வானிலையில் எத்தனை மணி நேரம் தாங்குவார்?

மருந்திலிருந்து தொடங்கலாம். இன்சுலின் ஊசியை மட்டுமே நம்பியிருக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்கு ஒரு நாள் ஊசி தவறினாலே ரத்தத்தில் அமிலம் ஏறத் தொடங்கும். இதற்கு நேர் எதிரான ஆபத்து இன்னும் விரைவாக வரும்: காலையில் ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியவருக்குச் சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடும். பேச்சு குழறும், நடை தள்ளாடும், வியர்த்துக் கொட்டும். பேருந்து நிலையத்தில் அப்படிச் சாய்ந்து கிடப்பவரைக் குடிகாரர் என்று நினைத்து எல்லாரும் தாண்டிப் போவார்கள். அதனால்தான் 'என்ன மாத்திரை சாப்பிடுகிறார்' என்பதோடு 'கடைசியாக எப்போது சாப்பிட்டார், அதற்கு முன் ஊசி போட்டாரா' என்றும் கேட்க வேண்டும். வலிப்பு மாத்திரை தவறினால் வலிப்பு திரும்பலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் அடுத்த முறை எந்தக் கிழமை என்பதுதான் கெடு. தினமும் அதிகமாகக் குடிப்பவர் காசில்லாமல் போய்விட்டார் என்றால், குடி நின்ற இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம் முற்றி, ஆள் தெரியாமல் உளறும் நிலை வரலாம். உயிருக்கே ஆபத்தானது அது. 'குடிகாரர்தானே, எங்காவது விழுந்து கிடப்பார்' என்று விட்டுவிடும் அந்த இரண்டு நாள்தான் அவருடைய கடிகாரம்.

வீட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பது அடுத்த வேலை. செருப்பு இருக்கிறதா, மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, போன் சார்ஜர், ஆதார் அட்டை, ரேஷன் கார்டுக்குப் பின்னால் செருகி வைத்த பணம்? சார்ஜரும் இரண்டு மாற்றுத் துணியும் இல்லையென்றால் திட்டமிட்ட பயணம். செருப்பும் கண்ணாடியும் கிடக்க ஆளில்லை என்றால் கதை வேறு. அங்கே அரை மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வயலுக்கோ தோட்டத்துக்கோ வாங்கி வைத்த பூச்சிமருந்து வைத்த இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இதைக் கேட்கும்போது குடும்பத்தார் முகம் மாறும். அதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது.

உயிரை விட்டுவிடும் எண்ணத்தில் போனவரா என்று கணிப்பதில் ஊர்ப் பேச்சு பெரிதும் ஏமாற்றும். 'நேத்து நல்லாத்தான் சிரிச்சுப் பேசினார்' என்பது ஆறுதல் தரும் செய்தி அல்ல. நெடுநாள் இடிந்து கிடந்தவர் திடீரென்று அமைதியானார், யாருக்கோ தர வேண்டியதைத் திருப்பித் தந்தார், பேரன் கையில் வாட்சைக் கழற்றிக் கொடுத்தார் என்றால் அவை கவலைக்குரிய அறிகுறிகள். முன்பு ஒருமுறை முயன்றிருக்கிறார் என்றால் நேராக உயர்நிலை. இப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் தொலைவாகப் போவதில்லை. தங்களுக்குத் தெரிந்த, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பார்கள். எனவே சென்னைக்கும் எர்ணாகுளத்துக்கும் போன் போடும் முன் சொந்தத் தோப்பு, கிணற்று மேடு, பம்ப்செட் அறை, தொழிலாளர்கள் குடியிருந்த பாழடைந்த தோட்ட லயம் எல்லாம் பார்க்க வேண்டும். போனில் பிடி கிடைத்தால் வாக்குவாதம் வேண்டாம். பேச்சை நீட்டிக்கொண்டே இன்னொருவர் வழியாக அவசர உதவி எண் 112-க்குச் சொல்ல வேண்டும். மனநல உதவிக்கு டெலி மனஸ் 14416, தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திசா 1056.

மறதி நோய் முற்றிய முதியவர் விஷயத்தில் கணக்கு முழுக்க மாறும். அவர் 'தொலைந்துபோய்' அலைவதில்லை, ஏதோ ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். எதிரே எது குறுக்கிட்டாலும் சுற்றிப் போகாமல் நேரே போய், முள்வேலியிலோ புதரிலோ ஓடைக் கரையிலோ சிக்கி நின்றுவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தர மாட்டார். பத்தடி தள்ளிப் புதருக்குள் உட்கார்ந்திருந்தாலும் குரல் கொடுக்க மாட்டார். மெயின் ரோட்டில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு 'அந்தப் பக்கம் இல்லை' என்று திரும்புவது இதனால்தான் வீண். வீட்டுக்குள், மாட்டுக்கொட்டகையில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டரைப் புதர் புதராக நடந்து தேட வேண்டும். பிறகு அவருடைய பழைய வாழ்க்கை. முப்பது வருடம் ஏலத்தோட்டத்துக்குப் போனவர் என்றால், விடிகாலையில் எழுந்து அதே ஜீப் நிற்கும் முக்குக்கே போயிருக்கலாம். டிரைவர் புதியவராக இருந்தால் ஏற்றிக்கொண்டும் போயிருப்பார். கால்நடையாக மலையேறிய காலத்து ஆள் என்றால் அந்தப் பழைய பாதையையும் பார்க்க வேண்டும். அது இன்று வனத்துறை எல்லைக்குள் இருந்தால் வனவர் துணையில்லாமல் இரவில் ஏறுவது தேடுகிறவருக்கே ஆபத்து. யானை நடமாட்டம் உள்ள மலை.

வானிலையை எல்லை ஊர்க்காரர்கள் மறந்துவிடுவதுதான் வியப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலே இடுக்கியில் கொட்டித் தீர்க்கும், கீழே கம்பத்தில் வறண்ட காற்று அடிக்கும். கீழே நின்று 'நல்ல வெயில்தானே' என்று நினைப்பவருக்கு, பருத்திச் சேலையோடு மேலே நனைந்து நிற்பவரின் குளிர் தெரியாது. நனைந்த துணி, காற்று, வெறும் வயிறு மூன்றும் சேர்ந்தால் உறைபனி தேவையில்லை, உடல் வெப்பம் இறங்கிவிடும். அக்டோபர், நவம்பரில் நிலைமை மாறி, அடிவாரத்து ஓடைகளிலும் வெள்ளம் வரும். முல்லைப் பெரியாற்றில் நீர்வரத்தை மேலே பெய்யும் மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, அணையிலிருந்து சுரங்கம் வழியாக லோயர் கேம்புக்கு எவ்வளவு திறக்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. ஆற்றங்கரையில் செருப்பு கிடைத்தது என்றால், காணாமல் போன நேரத்தில் எத்தனை கன அடி திறந்திருந்தார்கள் என்று நீர்வளத் துறையில் கேட்டுவிட்டுத்தான் தேடும் தூரத்தை முடிவு செய்ய வேண்டும். கூடலூரில் விழுந்ததை நீர் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்றுதான் கொண்டுபோகும். அந்த வழியில் உள்ள தடுப்பணைகளும் மதகுகளும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் ஆராய்ச்சியே தேவையில்லை. 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம், குழந்தை உரிமை அமைப்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில், காணாமல் போன குழந்தை கடத்தப்பட்டதாகவே கருதி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவில், பாதுகாவலரிடமிருந்து கடத்துவது என்ற குற்றத்துக்கு ஆண் பெண் வேறுபாடின்றிப் பதினெட்டுதான் வயது. 'அவளாத்தான் போனா' என்பது இந்த இடத்தில் வாதமே ஆகாது. நான்கு மாதத்தில் குழந்தை கிடைக்கவில்லையென்றால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்வதைப் புகார் கொடுத்த பிறகு செய்வோம் என்று தள்ள வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்: கிணறு, குளம், கால்வாய். அத்தகைய பிள்ளைகள் பலரைத் தண்ணீர் இழுக்கும், சாவும் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

பலரும் பேசத் தயங்குகிற ஒரு வகை உண்டு. தேடி வந்திருக்கும் குடும்பமே ஆபத்தாக இருக்கும் வகை. சாதி மீறிக் காதலித்தவள், கணவனின் அடிக்குப் பயந்து ஓடியவள் எல்லைதாண்டி உட்கார்ந்திருக்கிறாள். புகார் கொடுக்க வந்திருப்பவர் கையில் அவள் முகவரி கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே அளக்க வேண்டிய ஆபத்து. புகார்தாரரின் அவசரத்தைப் பாசம் என்று மட்டும் படிக்கக் கூடாது. 'ஆள் கிடைச்சா மட்டும் சொல்லுங்க சார், நாங்க பாத்துக்கிறோம்' என்ற வரி வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும். பதினெட்டு நிரம்பியவர் பத்திரமாக இருக்கிறார், வர விரும்பவில்லை என்றால், அதை மட்டும் குடும்பத்துக்குச் சொன்னால் போதும், இருக்கும் இடத்தைச் சொல்லத் தேவையில்லை. 2018 மார்ச் 27-இல் சக்தி வாகினி வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இப்படிப்பட்ட இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லம் முதல் மாவட்டச் சிறப்புப் பிரிவு வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது.

இனி எல்லைச் சிக்கல். முதலில் சொன்ன பெண்ணின் வீடு கம்பத்தில், கடைசியாகப் பார்த்தது வண்டன்மேட்டில். இங்கே 'சம்பவ இடம் கேரளா' என்பார்கள், அங்கே 'வீடு தமிழ்நாட்டுல, அங்க போய்க் கொடுங்க' என்பார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே மலைப்பாதையில் ஒரு இரவு கரைந்துவிடும். குற்றம் நடந்ததாகத் தெரியும் புகாரை, சம்பவ இடம் தன் எல்லையில் இல்லை என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்வது இதுதான், பேச்சுவழக்கில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். மறுத்தால் அதே பிரிவின்படி எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதன் பிறகு மாஜிஸ்திரேட். கேரளத்தில் காணாமல் போனவர் வழக்குகள் 2011-ஆம் ஆண்டு கேரளப் போலீஸ் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் பதியப்படுகின்றன, தேடுவது அங்கே போலீஸின் சட்டக் கடமை. இங்கே சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியடைந்து வந்துவிடக் கூடாது. ரசீது என்பது மனு வாங்கியதற்குச் சான்று, புலனாய்வு தொடங்கியதற்கு அல்ல. போன் அழைப்பு விவரம் கேட்டு வாங்க வழக்கு எண் வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்பது சினிமாவும் சோம்பலும் சேர்ந்து வளர்த்த நம்பிக்கை. அப்படி ஒரு சட்டம் கிடையாது.

அந்தப் போன் விவரத்தைப் படிப்பதிலும் எல்லைக்கு ஒரு தனிச் சூது இருக்கிறது. மலைமேல் நிற்கும் டவரின் சிக்னல் பள்ளத்தாக்கில் வெகுதூரம் விழும். கூடலூர் தோப்பில் இருப்பவரின் போன் கேரளப் பக்க டவரைப் பிடிக்கும், மேலே தோட்டத்தில் இருப்பவரின் போன் சில இடங்களில் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். 'கடைசி டவர் கேரளா காட்டுது' என்றவுடன் தேடும் கும்பல் முழுவதும் குமுளிக்கு ஏறிவிட்டால், அடிவாரத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒற்றை டவரை நம்பாமல் அதற்கு முந்தைய நான்கைந்து பதிவுகளின் திசையைப் பார்க்க வேண்டும். வீட்டார் செய்யும் தவறு இன்னொன்று: பதினைந்து பேர் மாறி மாறி அழைத்து, மிச்சமிருக்கும் பேட்டரியைத் தீர்த்துவிடுவது. ஒருவர் மட்டும், கால் மணிக்கு ஒருமுறை அழைத்து, மணி அடித்ததா, அணைந்திருந்ததா, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்ததா என்று நேரத்தோடு குறித்துவைத்தால் போதும். அந்தக் குறிப்பு பின்னால் போலீஸுக்கும் உதவும்.

சாட்சிகளைத் தேட நல்ல நேரம் மறுநாள் அதே நேரம். அதே டிரைவர்கள், அதே டீக்கடை, அதே பால்காரர். விடிகாலை ஜீப் ஸ்டாண்டில் போட்டோவோடு நின்றால் முதல் நாள் யாரை எங்கே இறக்கினார்கள் என்பது அரை மணியில் தெரிந்துவிடும். ஒன்பது மணிக்குப் போனால் ஸ்டாண்ட் காலி. செக்போஸ்ட், பெட்ரோல் பங்க், கடை சி.சி.டி.வி. பதிவுகள் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் புதியது ஏறி அழிந்துவிடும். சிறு கடைகளில் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. காட்சியைப் போலீஸ் வந்து எடுக்கட்டும், ஆனால் 'அழிய விடாதீங்கண்ணே' என்று கடைக்காரரிடம் அன்றே சொல்லி வைக்கலாம்.

அடையாளம் எழுதும்போது 'மாநிறம், நடுத்தர உயரம்' என்பது ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும். தழும்பு, பச்சை குத்தல், பல் கட்டியது, அறுவைச் சிகிச்சைத் தையல், தாலியின் வடிவம், சேலை ஓரத்து நிறம் எல்லாம் எழுத வேண்டும். கார்த்திகை பிறந்து தை வரை, சபரிமலைக் காலத்தில், 'கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை' என்று எழுதினால் குமுளி ரோட்டில் ஆயிரம் பேரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். செருப்பில்லாத பாதத்தின் ஆணித் தழும்புவரை எழுத வேண்டியது அப்போதுதான். பம்பையில் குழந்தைகளின் கையில் போலீஸ் கட்டும் அடையாளப் பட்டையை, மறதி உள்ள பெரியவருக்கும் வீட்டிலேயே ஒன்று எழுதிக் கட்டிவிடலாம். போஸ்டரில் 'காணவில்லை' மட்டும் போதாது, 'காணானில்ல' என்று மலையாள எழுத்திலும் இருக்க வேண்டும். ஆந்திர எல்லையில் திருத்தணி, ஆரம்பாக்கம் பக்கமானால் அதுவே தெலுங்கு. அங்கே ரேணிகுண்டா, கூடூர் சந்திப்புகளில் ரயில் மாறிவிட்டால் ஆள் எந்தத் திசையிலும் போயிருக்கலாம் என்பதால் ரயில்வே உதவி எண் 139-க்கும் ரயில்வே போலீஸுக்கும் முதல் இரவே தகவல் போக வேண்டும். போஸ்டரில் வீட்டு எண்ணைப் போட்டால், 'உங்க பையன் இங்க ஆஸ்பத்திரியில இருக்கான், பத்தாயிரம் ஜீபே பண்ணுங்க' என்று ஒரு அழைப்பாவது வரும். ஸ்டேஷன் எண்ணைப் போடுவது நல்லது. அப்படி அழைப்பு வந்தால், போஸ்டரில் எழுதாமல் வைத்திருக்கும் ஒரு தழும்பைக் கேட்டால் போதும்.

ஒருமுறை போட்ட கணக்கு அப்படியே நிற்காது. இருட்டுவதற்கு முன், மழை பிடித்தால், மாத்திரை வேளை தவறினால், புதிதாக ஒரு செய்தி வந்தால், பணி மாறும் அதிகாரி வழக்கைக் கையில் வாங்கும்போது, ஒவ்வொரு முறையும் மறுபடி அளக்க வேண்டும். 'குறைவு' என்று முடிவெடுத்தால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதக் காரணம் கிடைக்கவில்லையென்றால் அது குறைவு அல்ல, தெரியாது. தெரியாது என்பதை உயர்நிலையோடுதான் சேர்க்க வேண்டும்.

நாட்கள் நகர்ந்தால் இரண்டு மாநிலத்திலும் அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலைப் பார்க்கும் வேலை வரும். தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு நின்றுவிடாமல் இடுக்கி, கோட்டயம் மருத்துவக் கல்லூரிகளிலும் கேட்க வேண்டும்; மேலே விபத்தில் சிக்கியவரைப் பெரும்பாலும் மேற்கேதான் கொண்டுபோவார்கள். சவக்கிடங்கை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், பெயர் தெரியாமல் சேர்க்கப்பட்டு வார்டில் படுத்திருப்பவர்களையும் பார்த்துவிட வேண்டும்.

ஆள் கிடைத்துவிட்டால், குழந்தை என்றால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பெரியவர் என்றால், வீட்டார் இல்லாத இடத்தில் வைத்து எங்கே போனார், யார் சோறு போட்டார்கள், மறுபடி போகத் தோன்றுகிறதா என்று கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். அடுத்த முறை காணாமல் போனால் முதலில் புரட்ட வேண்டிய தாள் அதுதான். பிறகு கம்பம் ஸ்டேஷனில் சொன்னதை வண்டன்மேட்டிலும் சொல்லி, குமுளி பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்து, வாட்ஸ்அப் குழுக்களில் 'கிடைத்துவிட்டார்' என்று அதே படத்தோடு போட வேண்டும்.